சனிக்கிழமைப் பிளேனு

திருவனந்தபுரமா மதுரையா, அந்த எடத்துலதான சார் நேத்து சாயங்காலம் விட்டோம்? நீங்க கொட்டாவி விட்டிய, நானும் மரியாதைக்கு எந்திரிச்சுப் போயிட்டேன். ம்ஹும், அசையாதீங்க. அசைஞ்சா எண்ணெய் கண்ணுக்குள்ள எறங்கிரும். சுடலைமாடன் தேய்ச்சுவிட்டான்னா அரை மணி நேரம் ஆடாம உக்காரணும், அதுக்குப் பொறவுதான் அருவி. அவசரப்பட்டுப் போய் நின்னிய, எண்ணெய் அத்தனையும் பாறைக்குப் போயிரும், ஒடம்புக்கு ஒண்ணும் மிஞ்சாது. நீங்க பாட்டுக்கு இருங்க, நான் பாட்டுக்குப் பேசுதேன். வாயத் தொறந்தா நாக்குல எண்ணெய் போகும். அதனால ஆமான்னா ஒரு விரலு, இல்லேன்னா ரெண்டு விரலு. அது போதும்.

ஏன் உங்களப் பிடிச்சேங்கியளா? நீங்க வந்து எறங்குன அன்னைக்கே உங்க தோல்பொட்டியில ஒட்டியிருந்த பிளேன் சீட்டைப் பாத்துட்டேன் சார். நம்ம லாட்ஜுல எட்டு ரூமு. எட்டு ரூமுலயும் சேத்து ஆகாசத்துல பறந்து வந்த ஆளு நீங்க ஒருத்தருதான். மத்தவுக எல்லாம் ரயிலு, பஸ்ஸு. மூணாம் நம்பர்ல இருக்காரே கீழப்பாவூர் அரிசி யாவாரி, அவரு மாட்டுவண்டியில வந்தாரு. அவருகிட்டப் போய் பிளேனப் பத்திக் கேட்டா வைக்கோலு எவ்வளவு திங்கும்பாரு. அதான் நாலு நாளா உங்களுக்கு மட்டும் மொதக் காப்பி, டிக்காசன் தூக்கலா. கவனிச்சிருப்பிய.

விசயம் இதுதான். நானும் எங்க வீட்டுலயும், அதான் உங்களுக்குக் காலையில இட்லி வைக்காளே சண்முகசுந்தரி, நாங்க ரெண்டு பேரும் இந்தச் சனிக்கிழமை மெட்ராஸ் போய் எறங்கணும். பீச்சு, மிருகமெல்லாம் நிக்கிற உயிர்க்காலேஜு, பாடம் பண்ணி வச்சிருக்க செத்த காலேஜு எல்லாம் ஒரு பார்வை பாத்துட்டுத் திங்கக்கிழமைக்குள்ள இங்கன திரும்பிரணும். செவ்வாக்கிழமை ஆடி பொறந்துருதுல்லா. அம்புட்டுத்தான் திட்டம். கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசத்துல நான் அவளைக் கூட்டிட்டுப் போன தூரம் திருச்செந்தூரு. அதுவும் மொட்டை போட. மெட்ராஸ் காட்டுங்கன்னு அவ வாயத் தொறந்து கேட்டதே இல்ல. இந்த மாசம் கேட்டுட்டா. கேட்டதோட விடல, சனிக்கிழமைக்கு நீங்க வந்தா வாங்க, வராட்டி நான் ஒத்தையில கெளம்பிருவேன்னுட்டா. இன்னைக்குப் புதன். இன்னமும் நான் எங்கன ஏறணும், எங்கன படுக்கணும்னு முடிவு பண்ணல. அவ மூணு நாளா என்கிட்டப் பேசுதது இல்ல. சோத்தை வைக்கா, தட்டைப் பாத்துப் பேசுதா. சிலபேருக்கு ரசம் வேணுமான்னு தட்டுகிட்ட கேக்கா சார்.

ரெண்டு விரலைக் காட்டுதிய? ஓ, சீசனைச் சொல்லுதியளா. நெசந்தான். ஆனி கடைசி, சாரல் பிச்சு ஒதறுது, ஐந்தருவியில நிக்க எடமில்ல. சனி ஞாயிறுன்னா தாழ்வாரத்துல பாய் கெடைக்குமான்னு ஆளு வருது. அந்த ரெண்டு நாளாப் பாத்து லாட்ஜ விட்டுட்டுப் போறேங்கேன். எதுத்த லாட்ஜு சேக் மைதீன் நேத்து வந்து என் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுப் போறான், காய்ச்சல் அடிக்கான்னு. அறுப்புக் காலத்துல ஊரவிட்டுப் போற சம்சாரியும் சீசன்ல ஊரவிட்டுப் போற லாட்ஜுக்காரனும் ஒண்ணுன்னான். அவனுக்கென்ன, நான் போனா என் ஆளும் அவனுக்குத்தான். வாயில வருத்தம், கண்ணுல சிரிப்பு. ஐப்பசியில போனா என்னாங்கிய. ஐப்பசி ஆகாது சார். இந்தச் சனிக்கிழமைதான்.

ஆமா, ரயிலு. எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. தென்காசியிலயே மெயிலு நிக்கி. சாயங்காலம் புளியோதரையக் கட்டிக்கிட்டு ஏறினா விடிஞ்சு எழும்பூரு. எனக்குத் தெரியாதா? ஸ்டேஷன் மாஸ்டர் பால்வண்ணநாதன் நம்ம சேக்காளிதான். அவரு கேக்காரு, ஏன்வே சிவசைலம், வாசல்ல நிக்கிற ரயில விட்டுட்டு ஒரு நா முழுக்க பஸ்ஸுல போயி, அதுக்குப் பொறவு பிளேன் ஏறி மெட்ராஸ் போவேங்கீரே, ஒமக்கு என்ன கோட்டி கீட்டி பிடிச்சிருக்கான்னு. ரயில்ல கரித்தூசி கண்ணுல விழும்னேன். சன்னலை அடைச்சுக்கிடும்னாரு. மூட்டைப்பூச்சி கடிக்கும்னேன். உம்ம லாட்ஜுல கடிக்கதை விடவான்னாரு.

சிரிக்காதீங்க சார், எண்ணெய் வழியுது. உங்க ரூமுல கெடையாது. உங்க கட்டிலை நானே வெந்நி ஊத்திக் கழுவிப் போட்டேன்.

திருவனந்தபுரத்தைச் சொல்லுதேன். நீங்க வந்த வழி. செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூருன்னு மலையச் சுத்திச் சுத்தி எறங்கணும். எங்க வீட்டுல ஆரியங்காவு வாறதுக்குள்ள எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுக்கிடுவா, புனலூர்ல பழமும் கேக்காது. அங்கன கடலோரத்துலதான பிளேன் நிக்கி? மழை அங்கனயும் இதே மழைதான். மேகம் கட்டிட்டுன்னா பிளேன் எறங்காமலே மேல சுத்திட்டுப் போயிருமாமே, நெசமா? ஒரு விரலு. பாத்தியளா. அதுபோக மெட்ராஸ் இருக்கது கெழக்க, நாங்க போய் ஏறுதது மேக்க. மூக்கத் தொடுததுக்கு யாராவது தலையச் சுத்துவாங்களான்னு எங்க வீட்டுல சொல்லுதா. என்கிட்ட இல்ல, தட்டுகிட்ட.

மதுரைன்னா மழை கெடையாது. வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஏறினா ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரு, பொழுது சாயதுக்குள்ள மதுரை. மீனாட்சியக் கும்பிட்டுட்டு ஒரு சத்திரத்துல படுத்துட்டு, விடியக்காலம் பிளேனடிக்குப் போயிரலாம். ஆனா வாரத்துல எல்லா நாளும் அந்தப் பிளேன் உண்டாங்கிறதுல எனக்கு ஒரு சந்தேகம். தென்காசி பஜார்ல ஏஜெண்டு காஜா இருக்கான், அவன்கிட்டத் தந்தி அடிச்சு விசாரிக்கச் சொல்லியிருக்கேன். இன்னைக்குப் பதில் வரும். சரி, இதுக்கு மட்டும் வாயத் தொறந்து சொல்லுங்க, திருவனந்தபுரத்துப் பிளேன் மெட்ராஸ்ல எத்தன மணிக்குப் போய் எறங்கும்?

மத்தியானம் மூணு மணிக்கா. அப்ப திருவனந்தபுரம் ஆகாது. அடிச்சாச்சு. மதுரைதான். காலையில எறங்கணும் சார், பன்னெண்டு மணிக்கு முன்னால எறங்கணும். மூணு மணின்னா அவன் ஷிப்டு… வெயிலு. வெயிலுன்னு சொல்ல வந்தேன். மெட்ராஸ் வெயில்ல எறங்குனா எங்க வீட்டுல தலைவலிம்பா. இதுக்கு எதுக்கு சார் ஒரு கண்ணைத் தொறந்து பாக்கிய? மூடுங்க, எரியும்.

இன்னொண்ணு, கேக்கதுக்கே கூச்சமா இருக்கு. பொட்டியோட ஆளையும் சேத்து நிறுப்பாங்கன்னு நேத்து சொன்னிய. இப்பிடி ஆகும்னு தெரியாம நான் வீட்டுல போய்ச் சொல்லிட்டேன். அதுலருந்து அவ சரியாச் சாப்பிடல சார். நாலு பேருக்கு முன்னால தராசுல நிக்க வச்சு எடையச் சத்தம் போட்டு வாசிப்பாங்களா? சத்தம் போட மாட்டாங்களா? கடுதாசியில எழுதிக்கிடுவாங்க, அம்புட்டுத்தானா? அதை நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. அதுபோக பொட்டிக்கு இவ்வளவுதான் கனம்னு ஒரு கணக்கு உண்டாமே. அவ ரெண்டு தூக்கு நெறைய அதிரசமும் முறுக்கும் சுட்டு வச்சிருக்கா. ஒரு சாடி மாங்காய் ஊறுகா வேற. பீச்சுல போய் அலையப் பாத்துட்டு வாறவளுக்கு எதுக்கு ஒரு சாடி ஊறுகான்னு கேக்காதீங்க. நான் கேக்கல.

சரி, எறங்குத எடத்துக்கு வருவோம். இதுதான் முக்கியம், நெதானமா ஓசிச்சுச் சொல்லுங்க. பிளேன் நின்னதும் ஏணியத் தள்ளிட்டு வருவாங்க. கதவு தொறக்கும். நாம எறங்குவோம். ஏணிக்குக் கீழ யாரு நிப்பா? கம்பெனி ஆளு. கையில அட்டையும் பென்சிலும் வச்சிருப்பானா? எறங்குத ஆளை ஒண்ணொண்ணா எண்ணுவானா? எண்ணிட்டுத்தான் விடுவானா, இல்ல கூட்டத்தோட கூட்டமா யாராவது நழுவிர முடியுமா? முடியாதா. நிச்சயந்தான? அவன் நம்ம மூஞ்சியப் பாத்து எண்ணுவானா, இல்ல தலைய மட்டும் எண்ணுவானா? அதை நீங்க கவனிக்கல. அடுத்த தடவ கவனிங்க. எழும்பூர்ல எறங்குனா ஆயிரம் சனம் சார். எவன் எவனைப் பாக்கான்? இதுன்னா முப்பது பேரு. ஒவ்வொருத்தனும் ஒரு மனுசன் எதுக்க வந்துதான் தீரணும். அது ஒரு மரியாதைதான?

எறங்கியாச்சு. ஊருக்குள்ள எப்பிடிப் போறது? கம்பெனி பஸ்ஸு மவுண்ட் ரோட்டுல கொண்டு விடும்னிய. அந்தப் பஸ்ஸு உடனே கெளம்பிருமா, கொஞ்சம் நிக்குமா? கா மணி நேரமா. கா மணி நேரம் போதுமான்னு பாக்கணும். மொதல்ல தயக்கமா இருக்கும், பொறவு ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை… யார்கிட்டப் பேசவாங்கியளா? யார்கிட்டயும் இல்ல சார். பொட்டிக்குச் சொன்னேன். பொட்டி வாறதுக்கு நேரமாகும்லா. பஸ்ஸு போயிட்டுன்னா எலெக்ட்ரிக் ரயிலு இருக்கு. மீனம்பாக்கம் ஸ்டேஷன்ல ஏறினா பக்கந்தான பறங்கிமலை? பறங்கிமலையில லாட்ஜு ஏதும்… கெடையாதா. நானும் விசாரிச்சேன், கெடையாதுன்னுதான் சொன்னாங்க. சும்மா கேட்டேன்.

லாட்ஜுன்னா எனக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம். அந்த விசயத்துல என்னைய ஏய்க்க எவனாலயும் முடியாது. எட்டு லாட்ஜுக்குப் பதில் கார்டோட எழுதிப் போட்டேன். ஏழு பேரு மொதல்லயே பதில் போட்டுட்டான். விசாலமான அறைன்னு ஒருத்தன் எழுதுதான். கட்டிலு போகக் கால் வைக்க எடமில்லன்னு அர்த்தம். நல்ல காத்தோட்டம்னா சன்னல் கதவு ஒடைஞ்சு கெடக்கு. அமைதியான சூழ்நிலைன்னா பக்கத்துல சுடுகாடு. குடும்பத்தோட தங்க ஏத்ததுன்னு போட்டிருந்தா அடுத்த ரூமுல சீட்டுக் கச்சேரி நடக்குன்னு வச்சுக்கிடுங்க. எனக்கு எப்பிடித் தெரியும்னா, நானும் அப்பிடித்தான சார் எழுதுதேன். உங்களுக்குப் போட்ட கார்டுல ரூமுல இருந்தே அருவி தெரியும்னு எழுதுனேன்லா. தெரியும். நாற்காலிய சன்னலுகிட்டப் போட்டு மேல ஏறி நின்னு எடது பக்கமாக் குனிஞ்சா தெரியும். நீங்க ஏறிப் பாக்கல, அது என் குத்தமா?

திருவல்லிக்கேணியில ஒருத்தன் வெந்நி உண்டுன்னு எழுதியிருக்கான். எத்தன மணிக்குன்னு எழுதல. பாரிமுனையில ஒருத்தன் மாடி ரூமுங்கான். எத்தனாவது மாடின்னு சொல்லல. கடைசியில நீங்க சொன்ன எழும்பூர் லாட்ஜுதான். அவன் பதில் நேத்து வந்தது. என்ன எழுதியிருக்கான் தெரியுமா? ரூமு சின்னது, சத்தம் இருக்கும், ஆனா சுத்தமா இருக்கும், முன்கூட்டிச் சொன்னா வச்சிருப்பேன். இம்புட்டுத்தான். எட்டு பேருல நெசத்தை எழுதுனவன் அவன் ஒருத்தன். அந்தக் கார்டை வாசிச்சுட்டு எனக்கே வெக்கமாப் போச்சு. இவன்தான் லாட்ஜுக்காரன், நாம எல்லாம் என்ன சார்?

உடனே ரூமு வேணும்னு எழுதிப்போட கார்டை எடுத்தேன், பேனாவையும் எடுத்தேன். எழுத முடியல. ரெண்டு தடவ எடுத்து ரெண்டு தடவ வச்சுட்டேன். ஏன்னா கேக்கிய.

ரூமு சொல்லிட்டு வராதவன் இருக்கான் பாருங்க, அவனைக் கண்டா எனக்கு ஆகாது. திருடனைக்கூட மன்னிச்சிருவேன். போன வருசம் விருதுநகர்க்காரன் ஒருத்தன், நாலு ரூமு எனக்கு வைங்கன்னு கார்டு போட்டான். வச்சேன். சாரல் கொட்டுது, வாசல்ல பச்சைப் புள்ளையக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தி நிக்கா, ரூமு இல்லன்னு அனுப்புதேன். அந்தப் பய வரல. நாலு ரூமும் விளக்கேத்தி விரிச்ச விரிப்போட அப்பிடியே கெடந்தது. அந்தச் சவத்துப்பயல நான் ஏசாத நாளு கெடையாது. ரூமு சொன்னவனுக்காக ஒருத்தன் வெளக்கைத் தொடைச்சு வச்சுட்டு வாசலைப் பாத்துட்டு இருப்பான் சார். அந்தப் பாவத்தை நான் செய்யப்படாது. அதுவும் நெசத்தை எழுதுனவனுக்கு.

அதான் நீங்க போறியளே, வராதவன்கிற பேச்சு எதுக்குன்னு கேக்கிய. போறோம். ஆனா அந்த ரூமுல போய்ப் படுக்கக் கூடாதுன்னுதான் நான் நித்தமும் காலையில குத்தாலநாதர்கிட்ட வேண்டிக்கிட்டு வாறேன்.

இருங்க, எந்திரிக்காதீங்க. சொல்லிருதேன். பால்வண்ணநாதன்கிட்ட சொல்லல, சேக் மைதீன்கிட்ட சொல்லல. நீங்கன்னா நாளைக்கு ஊருக்குப் போயிருவிய, இந்தக் குத்தாலத்துல உங்களுக்கு வம்பளக்க ஆளு கெடையாது.

எங்களுக்கு ஒரு மக சார். குழல்வாய்மொழி. எங்க அம்மன் பேரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே சீசன்ல மெட்ராஸ்லருந்து ஒரு பையன் வந்து ஆறாம் நம்பர்ல பத்து நாளு தங்குனான். ஏசுதாசன். பூர்வீகம் நாசரேத்து பக்கம். இருபது வருசத்துல ஈரத்துண்டைக் கட்டில் மேல போடாத ஒரே ஆளு அவன்தான். நானே எங்க வீட்டுல போய் மெச்சிப் பேசுனேன், இப்பிடி ஒரு பையனப் பாத்ததில்லன்னு. ஏன் பேசுனேன்னு இப்ப இருக்கு. எம் மக அதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. அடுத்த தையில, கட்டுனா அவனைத்தான் கட்டுவேன்னு நின்னா. வேதக்காரப் பையன், நம்ம சாதிசனம் என்ன சொல்லும்னேன். நீங்கதான நல்ல பையன்னியங்கா. ஒரு நா சாயங்காலம் மெயில் ஏறிப் போயிட்டா. மெட்ராஸ்ல வச்சு ரெஜிஸ்தர் கல்யாணம்.

ஊரு சும்மா இருக்குமா. சேதி வந்த அன்னைக்கு சொக்காரன், சொந்தக்காரன் எல்லாம் கூடிட்டான், ரூமுல இருந்த ஆளுகளும் வாசல்ல நின்னு வேடிக்கை பாக்காங்க. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. உள்ளங்கையில சூடத்தை ஏத்தி அடிச்சு அணைச்சேன். குத்தாலநாதர் மேல ஆணையா, நானாத் தேடிப் போயி அந்தப் பய மூஞ்சியில முழிக்க மாட்டேன், அவன் வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்னு. இந்தா பாருங்க, தழும்பு. கோவத்துல சூடம் அணைக்கப்படாது சார். கோவம் பத்து நாள்ல ஆறிட்டு. சத்தியம் அப்பிடியே நிக்கி.

அவ அவுக அம்மைக்குக் கடுதாசி போடுதா. நேரா வந்தா நான் கிழிச்சுருவேன்னு பக்கத்து வீட்டு பாத்திமுத்து பேருக்கு வருது. எங்க வீட்டுல அதை வாங்கிட்டு வந்து உளுந்துப் பானைக்குள்ள ஒளிச்சு வைக்கா. அவ ஆத்துக்குப் போற நேரம் பாத்து நான் எடுத்து வாசிச்சுட்டு, மடிப்பு மாறாம வச்சுருவேன். ஒண்ணரை வருசமா அவளுக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். போன மாசம் பானையத் தொறக்கேன், கடுதாசிக்கு மேல என் மூக்குக் கண்ணாடிய வச்சிருக்கா.

அதுல வாசிச்சுத்தான் சார் தெரியும். அவனுக்கு மீனம்பாக்கத்துல வேலை. ஏணிக்குக் கீழ நின்னு எறங்குத ஆளை எண்ணுததுதான் உத்தியோகம். இந்த மாசம் பூரா காலை ஷிப்டு. வீடு பறங்கிமலையில.

இப்பச் சொல்லுங்க. நான் யாரையும் தேடிப் போகல. மெட்ராஸ் பாக்கப் போறேன். கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்துப் பிளேன்ல போறேன், ஏணியில எறங்குதேன். அவன் சம்பளம் வாங்குத வேலைக்கு அங்கன நிக்கான். இதுல தேடிப்போனது எங்க இருக்கு? சாமிக்குத் தெரியாதாங்கிய. சாமிக்கு எல்லாம் தெரியும் சார், அதனால அது ஒண்ணும் சொல்லாது. ஊருக்குத்தான் ஒண்ணும் தெரியாது, அதான் எல்லாம் சொல்லும். நாளைக்கு எவனாவது கேட்டா, பிளேனை விட்டு எறங்குனேன், எதுக்க நின்னான், நான் என்ன பறந்தா போவேன்னு கேப்பேன்லா.

என்னைய எண்ணாம அவனால விட முடியாது. நீங்களே சொன்னிய. எண்ணுதவன் நிமிந்து ஒரு தடவ மூஞ்சியப் பாத்து, வாங்க மாமான்னு ஒரு சொல்லு சொல்லிட்டான்னா போதும். கூப்பிட்டதுக்குப் பொறவு போறது தேடிப் போறதாகாது. படி மிதிக்கதுகூட, சாமிகிட்ட வேற கணக்குப் பேசி, ஒரு சூடத்தை ஏத்திக் கும்பிட்டு முடிச்சுக்கிடலாம். ஆனா அவன் பாத்துட்டும் பேசாம பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த ஆளைப் பாத்தான்னா? நான் செஞ்சதுக்கு அவன் அப்பிடிச் செஞ்சா தப்பும் சொல்ல முடியாது. பிளேனுக்குப் பயப்படல சார். அது விழுந்தா எல்லாருக்கும் ஒண்ணுதான். அந்த ஏணியோட கடைசிப் படிக்குத்தான் பயம். அப்பிடி ஆயிட்டுன்னா இவளைக் கூட்டிட்டு நான் எங்கன போவேன்? அதுக்குத்தான் அந்த எழும்பூர் ரூமு. எழுதவும் மனசு வரல, எழுதாம இருக்கவும் தைரியம் இல்ல.

என்னது? நீங்க பாத்திருக்கியளா? நெட்டையா, கறுப்பா, சுருட்டை முடி. அவனேதான் சார்! மழையன்னைக்குக் கொடையக் கொண்டு வந்தானா? உங்களுக்குப் பிடிச்சானா, இல்ல எல்லாருக்குமா? ஒரு கெழவியக் கையப் பிடிச்சு எறக்கி விட்டானா. அப்ப நல்ல பயதான். நான் மொதல்லயே சொன்னேன், எவன் கேட்டான். ஆளு மெலிஞ்சிருக்கானா? சாப்பாடு ஒழுங்காத்தான் இருக்கும், எம் மக நல்லா சமைப்பா.

ஐயையோ, வேண்டாம் சார். நீங்க போய் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. சொன்னிய, அது நான் ஆள் விட்டுத் தேடுனதா ஆயிரும். அத்தனையும் பாழாப் போயிரும். நீங்க பாட்டுக்கு ஊருக்குப் போங்க, அவன் பாட்டுக்கு எண்ணட்டும்.

எழுதிரவா? எழும்பூருக்கு? நெசத்தையே எழுதிப் போடுன்னு சொல்லுதியளா. வந்தாலும் வருவேன், வராட்டி சந்தோசம்னு. அட, இது எனக்குத் தோணலியே. அவன் நெசத்தை எழுதுனவன், வெளங்கிக்கிடுவான். வராட்டியும் அந்த ரூமு வாடகைய அனுப்பி வச்சுருவேன், அதையும் எழுதிருதேன். நல்ல ரோசனை சார். உங்களுக்கு இந்த நாலு நாளும் காப்பிக்குக் காசு கெடையாது, எழுதிக்கிடுங்க.

திரும்பி வாறதுக்கு எந்தப் பிளேனுன்னா? அதுக்குப் பிளேனு வேண்டாம் சார். வாறது ரயில்தான். ஞாயித்துக்கிழமை எழும்பூர்ல ஏறினா திங்கக்கிழமை தென்காசி. பால்வண்ணநாதன்கிட்ட நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன், மூணு பெர்த்து, அதுல ஒண்ணு கண்டிப்பாக் கீழ் பெர்த்தா வேணும்னு. ஆமா, அவரும் இதே மாதிரித்தான் கேட்டாரு, போறது ரெண்டு பேரு, வாறது எப்பிடி மூணுன்னு. பலகாரத் தூக்குக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பொறவு என்ன சார் சொல்லச் சொல்லுதிய? ஒம்பது மாசக்காரிய பிளேன்ல ஏத்த மாட்டேங்காங்க. தலைப்பிரசவம் அப்பன் வீட்டுலதான பாக்கணும்.